மலையூருக்குப் பக்கத்தில் ஒதுக்குப்புறமாக வீடு வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றுலாக் கூட்டம் குவியும் ஒரு மலையூருக்கு மேலே, தார் ரோடு முடிந்து மண் ரோடும் முடிகிற இடத்தில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். வந்து தங்கிப் போகும் சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் எல்லோரும் வாசலில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் இந்த மாதிரி ஒரு இடம் கிடைக்குமா?" என்றுதான் முடிப்பார்கள். அதன் பிறகு வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கட்சி ஒன்றே ஒன்று: காட்சியைப் பார்த்து விலை பேசுகிறோம், பிறகு ரோட்டோடும் தண்ணீரோடும் குடித்தனம் நடத்துகிறோம். அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே இடம் கொஞ்சம் அதிகம்.

ஊரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வாங்கலாம்?

கிலோமீட்டரில் கேட்காதீர்கள், நிமிடத்தில் கேளுங்கள். மலையில் 10 கிலோமீட்டர் என்பது 20 நிமிடமாகவும் இருக்கும், ஒன்றரை மணி நேரமாகவும் இருக்கும். மூன்று தடவை நேரம் பாருங்கள்: சாதாரண நாள் பகலில் ஒரு முறை, கொட்டும் மழையிலோ பனியிலோ இரவில் ஒரு முறை, சீசன் நேரத்துச் சனிக்கிழமை ஒரு முறை. மூன்றாவதுதான் பலரையும் திடுக்கிட வைக்கும். ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறோம் என்று நினைப்போம். ஆனால் மருத்துவமனை, மருந்துக்கடை, வங்கி எல்லாம் அந்த ஊருக்குள்தான் இருக்கும். சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் அதே ரோட்டில்தான் நாமும் போக வேண்டும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தக் கணக்கு விளையாட்டில்லை. மூளையில் ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆம்புலன்ஸ் கிளம்பி, வழி தெரியாமல் சுற்றி, உங்கள் வீட்டுக்கு வந்து, திரும்ப ஊருக்கு இறங்கி, அங்கே ஸ்கேன் வசதி இல்லாமல் அடுத்த ஊருக்குப் போகிற நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். அந்தச் சிறிய மலையூர் மருத்துவமனையில் என்னென்ன வசதி உண்டு என்று நேரில் போய்க் கேட்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. வாங்குவதற்கு முன்னால் அதைச் செய்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நானும் செய்யவில்லை.

எந்த மாதத்தில் போய்ப் பார்ப்பது?

விற்பவர் கூப்பிடும் மாதத்தில் போகாதீர்கள். வானம் வெளுத்து, பூக்கள் பூத்து, ஓடையில் தண்ணீர் ஓடும் பருவத்தில்தான் எல்லா வீடும் விற்பனைக்கு வரும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு கெட்ட நேரங்களை: மழை உச்சத்தில் இருக்கும்போது ஒரு முறை, வறட்சி முடியும் தறுவாயில் ஒரு முறை. முதலாவதில் ரோடும் கூரையும் சரிவும் உண்மை பேசும். இரண்டாவதில் ஊற்று பேசும்.

முடிந்தால் ஓர் இரவு அங்கே தங்குங்கள். தெளிந்த இரவில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்ந்த காற்று தேங்கி, மேலே சற்றே வெதுவெதுப்பான காற்று மூடிபோலப் படியும். அப்போது மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து கீழே திரும்பும். பகலில் காதில் விழாத ஒரு ரிசார்ட்டின் பாட்டுச் சத்தம் இரவு பத்து மணிக்கு எதிர்மலையிலிருந்து வரி வரியாகக் கேட்கும். ஒதுக்குப்புறம் என்று நம்பி வாங்கியவர்களுக்கு அதைவிடப் பெரிய ஏமாற்றம் இல்லை.

இன்னும் ஒரு வழி உண்டு. அதே பகுதியில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்பது. பணம் வீண் என்பார்கள். எனக்கு அது மலிவான காப்பீடாகத்தான் தெரிகிறது.

வீடு வரைக்கும் கார் போகிறது. அது போதாதா?

போதாது. யாருடைய நிலத்தின் வழியாகப் போகிறது என்பதுதான் கேள்வி.

என் கதையையே சொல்கிறேன். நான் வாங்கும்போது மண் ரோட்டின் கடைசி இருநூறு மீட்டர் பக்கத்து நிலத்தின் ஓரமாகப் போனது. "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதுதான் வழி, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் விற்றவர். பொய் சொல்லவில்லை, அதுவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. மூன்றாம் வருடம் அந்த நிலம் கைமாறியது. ஒரு காலையில் இரும்பு கேட், பூட்டு. கோபப்பட்டு என்ன செய்ய? அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது, அவருடைய பத்திரத்தில் வழி என்று ஒரு சொல்கூடக் கிடையாது. கடைசியில் அந்த இருநூறு மீட்டருக்கு வழிப்பாத்தியதை எழுதி வாங்கிப் பதிவு செய்ய நான் கொடுத்த தொகையில் வீட்டுக் கூரையையே மாற்றியிருக்கலாம்.

ஆகவே பொதுச் சாலை எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். அங்கிருந்து உங்கள் வாசல் வரை ஒவ்வொரு துண்டும் யார் பெயரில் இருக்கிறது, உங்களுக்கு வழி உண்டு என்று எழுதிப் பதிவாகியிருக்கிறதா, என்ன அகலத்துக்கு, வண்டிக்கா நடக்க மட்டுமா, குழாயும் மின்கம்பியும் அதே வழியில் கொண்டுபோக அனுமதி உண்டா, ரோட்டைப் பராமரிக்கும் செலவு யார் தலையில் என்பதெல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் எவ்வளவு நல்லவர் என்பது முக்கியமில்லை. அவருக்கு அடுத்து வருபவர் யாரென்று அவருக்கே தெரியாது.

அடுத்து ஏற்றம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையும் ஒரு ரசமட்டமும் எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டின் செங்குத்தான இடத்தில் பலகையின் ஒரு முனையை மேல்பக்கம் தரையில் வைத்து, மறுமுனையைத் தூக்கி ரசமட்டம் நேராகும்வரை பிடியுங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 10 சென்டிமீட்டர் என்றால் 10 சதவீத ஏற்றம். அதுவரை கவலையில்லை. 15 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஈர மண்ணில் சாதாரணக் கார் திணறும், தண்ணீர் லாரி ஓட்டுநர் கீழேயே நிறுத்திவிட்டுத் தலையசைப்பார். தீயணைப்பு வண்டிக்கும் அதே கதி. வளைவுகளில் லாரி திரும்புமா, வீட்டு முன்னால் வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கால் கிலோமீட்டர் ரிவர்ஸில் இறங்குவது ஒரு தடவைக்கு வேடிக்கையாக இருக்கும்.

மழைத் தண்ணீர் ரோட்டின் மேலேயே ஓடுகிறதா, ஓரத்து வாய்க்காலில் ஓடுகிறதா என்பதைக் கவனியுங்கள். ரோட்டின் நடுவே வாய்க்கால்போல வரி விழுந்திருந்தால் வருடம் தவறாமல் மண்ணும் கல்லும் கொட்டியபடி இருக்க வேண்டும்.

தண்ணீர் நிறைய இருக்கிறது என்கிறார்கள். எப்படி நம்புவது?

ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் போதும். 10 லிட்டர் வாளியை ஊற்றுக் குழாயின் அடியில் வைத்து நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 2 லிட்டர், அதாவது ஒரு நாளைக்கு 2,880 லிட்டர். பார்ப்பதற்கு நூல்போல விழும் தண்ணீர், ஆனால் நாலு பேர் வீட்டுக்குத் தாராளம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வந்தால்கூட 1,440 லிட்டர் சேரும். இரவெல்லாம் சேர்த்து வைக்கப் பெரிய தொட்டி மட்டும் இருந்தால் சமாளித்துவிடலாம். மழைக்காலத்தில் பெருகுவதை விடுங்கள், வறட்சியின் கடைசி வாரத்தில் எடுத்த அளவுதான் அளவு. விற்பவர் பெருமையாகக் காட்டும் பெரிய தொட்டியைவிட அதற்குள் விழும் நூலின் தடிமன்தான் எனக்கு முக்கியம்.

ஊற்று எங்கே பிறக்கிறது என்று மேலே ஏறிப் போய்ப் பாருங்கள். அது வேறொருவர் நிலத்தில் இருந்தால், வழிக்குச் சொன்னதெல்லாம் தண்ணீருக்கும் பொருந்தும். எழுதி வாங்குங்கள். மேலே ஒரு ஹோட்டலோ விடுதியோ புதிதாக வந்து ஆழ்துளைக் கிணறு போட்டால் உங்கள் ஊற்று மெலியலாம். மலையூரைச் சுற்றி இது நடக்கிற கதைதான். காரணம் சிக்கலானதல்ல: சீசன் நேரத்தில் ஊரின் தண்ணீர்த் தேவை பல மடங்காகிறது, அந்தத் தேவை மேல் நோக்கி ஏறி வருகிறது.

தொட்டி வீட்டுக்கு மேலே சரிவில் இருந்தால் பம்ப் வேண்டாம். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், ஷவர் ஒழுங்காக வர அது போதும். மாறாகத் தண்ணீர் கீழே இருந்து வீடு மேலே இருந்தால், கரண்ட் போகும் நாளெல்லாம் தண்ணீரும் போகும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் தெளிவாக இருப்பதால் சுத்தம் என்று ஆகாது. ஒரு ஆய்வகத்தில் கொடுத்துக் கோலிஃபார்ம் (கழிவு கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா), நைட்ரேட் இரண்டையும் கட்டாயம் பாருங்கள். பாறையைப் பொறுத்து ஃபுளோரைடு, ஆர்செனிக் ஆகியவற்றையும் பார்க்கலாம். காய்ச்சிக் குடிப்போம் என்றால் ஒரு விஷயம்: உயரம் கூடக்கூட தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், 2,000 மீட்டரில் ஏறக்குறைய 93 டிகிரி. அந்த உயரத்துக்கு மேல் கொதி வந்தபின் 3 நிமிடம் விட வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

மழைநீரை மறக்காதீர்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரைக்கு ஒரு நல்ல மழை, 20 மில்லிமீட்டர், 2,000 லிட்டர். சிந்தியது போக ஆயிரத்து அறுநூறாவது கையில் நிற்கும்.

கழிவுநீர்?

யாரும் கேட்க விரும்பாத கேள்வி, அதனால் நானே சேர்த்திருக்கிறேன். ஊர்ச் சாக்கடை வராத இடம். செப்டிக் டேங்க் எங்கே புதைந்திருக்கிறது என்று விற்பவரையே கைகாட்டச் சொல்லுங்கள். "அந்தப் பக்கம் எங்கேயோ" என்று பதில் வந்தால் அது வெறும் குழியாக இருக்க வாய்ப்பு அதிகம். டேங்கிலிருந்து தண்ணீர் ஊறிப்போகும் மண் பகுதி கிணற்றுக்கும் ஊற்றுக்கும் கீழ்ச்சரிவில், குறைந்தது 30 மீட்டராவது தள்ளி இருப்பது நல்லது. சராசரி வீட்டுக்கு 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை கசடு எடுக்க வேண்டும். எடுக்கும் வண்டியும் அந்த ரோட்டில்தான் ஏறி வர வேண்டும். பாறை நாலடியில் தட்டும் இடம், எப்போதும் நசநசவென்று ஈரமான இடம் இரண்டிலும் ஊறல் நடக்காது. அப்படிப்பட்ட வீட்டில் பத்து விருந்தாளி வந்து தங்கிய மறுநாள் காலை எப்படி இருக்கும் என்று விவரிக்க மாட்டேன்.

மண்சரிவு வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழுவதும் தெரிந்துகொள்ள மண்ணியல் நிபுணர்தான் வர வேண்டும். வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் அது சிறு பங்கு, தயங்காதீர்கள். ஆனால் அவரைக் கூப்பிடும் முன் நாமே பார்க்கக்கூடியவை உண்டு.

மரங்களைப் பாருங்கள். அடிமரம் சரிவின் கீழ்ப்பக்கமாக வளைந்து, பிறகு மேலே நிமிர்ந்து வளைந்த கத்திபோல நிற்கிறதா? ஒரு மரம் அப்படி இருந்தால் அது மரத்தின் குணம். வரிசையாக எல்லா மரமும் அப்படி இருந்தால் மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. மின்கம்பமும் வேலிக்கல்லும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது, புல்தரையில் பிறை வடிவ விரிசல், முன்பு இல்லாத இடத்தில் புதிதாகக் கசியும் நீர், சட்டத்தில் சிக்கிச் சாத்த முடியாத கதவுகள் எல்லாம் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. தாங்குசுவர் வயிறு தள்ளியிருந்தால் அதன் பின்னால் தண்ணீர் தேங்குகிறது. சுவரில் நீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, மழையில் அவற்றின் வழியே தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு பொறி உண்டு, அது பார்க்க அழகாக இருக்கும். ஓடை மலையை விட்டு வெளியேறும் வாயில், விசிறிபோலப் பரந்த மென்சரிவான நிலம். மலையில் இவ்வளவு சமமான மனை கிடைக்குமா என்று ஆசையாக இருக்கும். அந்தச் சமத்தை உண்டாக்கியதே பழைய சேற்று வெள்ளங்கள்தான். நிலத்தில் ஆள் உயரப் பாறைகள் தனித்தனியாகக் கிடந்தால் அவை எப்படி அங்கே வந்தன என்று கேளுங்கள். 1999 டிசம்பரில் வெனிசுவேலாவின் வர்காஸ் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தது இப்படிப்பட்ட விசிறி நிலங்களில் கட்டிய குடியிருப்புகளில்தான். மழை கொட்டியதும் மண் சரிந்ததும் மேலே மலையில், அடி விழுந்தது கீழே.

காட்டை ஒட்டிய வீடு என்றால் தீ பயம் உண்டா?

உண்டு. சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆகவே புதர்ச்சரிவின் உச்சியில், முனையில் நீட்டிக்கொண்டு நிற்கும் வீடுதான் காட்சிக்கு முதலிடம், ஆபத்துக்கும் முதலிடம்.

வீடுகள் பெரும்பாலும் தீச்சுவர் வந்து தொட்டு எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் கங்குகள் கூரை நீர்க்காலில் கிடக்கும் சருகில் விழுந்து பிடிக்கின்றன. சுவரை ஒட்டி ஒன்றரை மீட்டருக்கு எரியக்கூடிய எதுவும், விறகு அடுக்குகூட, வைக்காதீர்கள். 10 மீட்டர் வரை சருகும் காய்ந்த புல்லும் இல்லாமல், 30 மீட்டர் வரை மரங்கள் இடைவெளியோடும் இருக்கட்டும். உங்கள் நிலம் 12 மீட்டரில் முடிந்து மீதி அரசுக் காடு என்றால் உங்களால் வெட்ட முடியாது, அதையும் வாங்கும்போதே யோசிக்க வேண்டும்.

வெளியேற ஒரே வழிதான் என்றால் எனக்குத் தயக்கம். 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் என்ற மலையடிவார ஊர் எரிந்தபோது 85 பேர் இறந்தார்கள். ஊரை விட்டு இறங்கும் சில ரோடுகளில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றது அந்த நாளின் பெரிய கொடுமை. இரண்டாவது வழி காரில் போக முடியாத ஒற்றையடிப் பாதையாக இருந்தாலும் அதை நடந்து பார்த்து வையுங்கள்.

முகடா, சரிவா, பள்ளமா?

நடுச்சரிவு. முகட்டில் காற்றும் இடியும், பள்ளத்தில் இரவுக் குளிர் வந்து தேங்கி உறைபனி பிடிக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு வெதுவெதுப்பான பட்டை உண்டு, பழைய குடியிருப்புகள் பல அங்கே இருப்பது தற்செயல் இல்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கே என்றால் தெற்கு பார்த்த சரிவு வெயில் வாங்கும், வடக்கு பார்த்த சரிவில் துணி காயாது. தெற்கு அரைக்கோளத்தில் இது தலைகீழ். உயரம் 1,000 மீட்டர் கூடினால் சராசரியாக ஆறரை டிகிரி குளிர் கூடும்.

மின்சாரம் எப்படி?

கம்பி கடைசியாக வந்து சேரும் வீடு உங்களுடையது என்றால், மரம் விழுந்து கரண்ட் போனால் கடைசியாகச் சரிசெய்யப்படுவதும் உங்களுடையதுதான். ஒரு நாள் தாங்கும் பேட்டரியும் கொஞ்சம் சோலாரும் வைத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடிய வாரத்தில் சோலார் ஏமாற்றும் என்பதால் சிறு ஜெனரேட்டரும் வேண்டும். அதை வாங்கும்போது மலைக் கணக்குப் போடுங்கள்: காற்று மெலிவதால் சாதாரண எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி இழக்கும். 2,000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். லித்தியம் பேட்டரி வைப்பதானால் அறை உறைநிலைக்குக் கீழே போகக்கூடாது, பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் அது கெட்டுப்போகும். இடிதாங்கியையும் மின்னெழுச்சித் தடுப்பானையும் (சர்ஜ் புரொடக்டர்) முதல் மாதமே போட்டுவிடுங்கள். நான் இரண்டு மோடம் பலி கொடுத்த பிறகுதான் போட்டேன்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்க இன்டர்நெட் கிடைக்குமா?

உங்கள் போனோடு போய், நீங்கள் மேசை போட நினைக்கும் அறையில் உட்கார்ந்து ஒரு வீடியோ கால் பேசிப் பாருங்கள். வாசலில் கிடைத்து உள்ளே கிடைக்காத வீடுகள் ஏராளம். ஸ்டார்லிங்க் போன்ற தாழ்வட்ட செயற்கைக்கோள் இணைப்பு உங்கள் நாட்டில் அனுமதிக்கப்பட்டிருந்தால் நல்ல வழி. ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும், உயர்ந்த மரங்கள் சூழ்ந்த வீட்டில் இணைப்பு விட்டு விட்டுப் போகும். சீசன் நாட்களில் ஊர்க் கூட்டம் முழுக்க ஒரே டவரைப் பிடித்துத் தொங்குவதால் மொபைல் வேகம் படுத்துவிடும்.

கட்டடத்தில் எதைப் பார்ப்பது?

ஈரம். மற்றதெல்லாம் பிறகு. அலமாரியைச் சுவரை விட்டு நகர்த்தி அதன் பின்னால் முகர்ந்து பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த ஒரே ஒரு அறை இருந்தால் அந்த அறையில் அதிக நேரம் நில்லுங்கள். மலைப்பக்கச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளியும் வடிகாலும் இருக்க வேண்டும், மண் சுவரோடு ஒட்டியிருந்தால் அந்தச் சுவர் ஒருநாளும் காயாது. உறைபனி விழும் இடமானால் குழாய்கள் போதிய ஆழத்தில் புதைந்திருக்கின்றனவா என்று கேளுங்கள், தண்ணீர் பனிக்கட்டியாகும்போது 9 சதவீதம் விரியும், குழாய் அதைத் தாங்காது.

இரண்டு வாயுக்கள். கருங்கல் பாறை மேல் கட்டிய, எப்போதும் மூடிக் கிடக்கும் வீடுகளில் ரேடான் சேரலாம், பாறையிலிருந்து கசிந்து நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கதிரியக்க வாயு அது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு கன மீட்டருக்கு 100 பெக்கரல், சோதனைப் பெட்டி சின்ன விலைக்குக் கிடைக்கும். மற்றது கார்பன் மோனாக்சைடு. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே கரியோ கேஸ் ஹீட்டரோ எரிப்பவர்கள் தூக்கத்திலேயே போய்விடுகிறார்கள். அந்த வாயுவைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் கருவி ஒன்றைப் படுக்கையறையில் மாட்டாமல் எதையும் பற்றவைக்காதீர்கள்.

வெறும் நிலம் வாங்கிக் கட்டினால் என்ன?

கட்டலாம், கல்யாண வாழ்க்கையைப் பணயம் வைத்து. ஒவ்வொரு செங்கல்லும் அந்த ரோட்டில் ஏறி வர வேண்டும். மேஸ்திரி மழை நாளில் வரமாட்டார், சீசனில் ஹோட்டல் வேலைக்குப் போய்விடுவார். முதலில் பழைய வீடொன்றை வாங்கி இருந்து பாருங்கள் என்பதே என் பதில்.

சட்டத்தில் என்ன சிக்கல் வரும்?

வில்லங்கம், மூலப் பத்திரம், அளவு, எல்லை எல்லாம் எந்த நிலத்துக்கும் உள்ளதுதான். மலையில் கூடுதலாக மூன்று உண்டு. ஒன்று, யார் வாங்கலாம் என்பது. இமாச்சலப் பிரதேசத்தில் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118 ஆம் பிரிவுப்படி, விவசாயி அல்லாதவர் அரசு அனுமதியின்றி நிலம் வாங்க முடியாது. சுவிட்சர்லாந்தில் 2012 பொது வாக்கெடுப்புக்குப் பிறகு, இரண்டாம் வீடுகள் (விடுமுறைக்கு மட்டும் வந்து தங்குபவை) மொத்த வீடுகளில் 20 சதவீதத்தைத் தாண்டிய ஊர்களில் புதிதாக அவற்றைக் கட்ட அனுமதி கிடைப்பது அநேகமாக நின்றுவிட்டது. நீங்கள் பார்க்கும் மலைக்கும் ஏதாவது ஒரு விதி இருக்கும், புரோக்கரிடம் கேட்காமல் அரசு அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டு, இருக்கும் கட்டடம் அனுமதியோடு கட்டப்பட்டதா என்பது. பின்னால் சேர்த்த கண்ணாடி அறை, சரிவில் நீட்டிய மரத்தளம் போன்றவை பெரும்பாலும் வரைபடத்தில் இருக்காது. மூன்று, காட்டெல்லை. "அந்த ஓடைதான் எல்லை" என்று பத்திரம் சொன்னால் ஓடை நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஓடைகள் நகரும். அளந்து கல் நடாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

நாம் இல்லாத நாட்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் அந்த வருமானத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். மலையூர்கள் பலவற்றில் குறுகிய கால வாடகைக்கு உரிமம் வேண்டும், விதிகள் இறுகிக்கொண்டே போகின்றன. ஆட்கள் வந்து தங்க விரும்பும் அதே வாரங்களில்தான் நீங்களும் அங்கே இருக்க விரும்புவீர்கள். ஒதுக்குப்புற வீட்டில் விருந்தாளியின் கார் வழியில் சிக்கிக்கொண்டால் இரவு பதினொன்றுக்கு யார் போவது? அந்த ஒருவர் யார் என்று பெயர் சொல்ல முடிந்தால் மட்டும் இறங்குங்கள்.

மாதக்கணக்கில் பூட்டி வைத்தால்?

பூட்டிய வீடு குடியிருக்கும் வீட்டைவிட வேகமாகப் பழசாகும். தண்ணீரின் முதன்மை வால்வை மூடி, குழாய்களைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். குளியலறை வடிகால்களில் வளைவுக் குழாயில் நிற்கும் தண்ணீர் காய்ந்துவிட்டால் செப்டிக் வாடை முழு வீட்டிலும் நிறையும். அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனால் சீக்கிரம் காயாது. மாதம் இருமுறை ஜன்னல் திறந்துவிட ஒருவர் வேண்டும், அவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள். ஊர்க்காரர் ஒருவரின் நல்லெண்ணம் எந்தக் கேமராவையும் விடப் பெரிய காவல்.

விலங்குகள் வருமா?

நீங்கள்தான் அவற்றின் இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். குப்பையை வெளியே வைக்காதீர்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

திரும்ப விற்க முடியுமா?

மெதுவாக. ரசிப்பவர்கள் நிறைய, வாங்குபவர்கள் குறைவு. தனி வழி, தனித் தண்ணீர், அனுமதி பெற்ற கட்டடம் இருந்தால்தான் வங்கிக் கடனே எளிதில் கிடைக்கும், கடன் கிடைக்காத வீட்டுக்கு வாங்குபவர் கூட்டம் மேலும் சுருங்கும். வாங்கும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் தீக்கும் மண்சரிவுக்கும் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் தயங்கும் இடத்தில் நீங்களும் தயங்கலாம்.

வாங்கியாயிற்று. முதல் மாதம் என்ன செய்ய?

தார் ரோட்டிலிருந்து பிரியும் இடத்தில், இரவில் வண்டி வெளிச்சம் பட்டால் மின்னும் பலகையொன்று வையுங்கள். வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தாளில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள், ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லும் பதற்றத்தில் ஒன்றும் நினைவுக்கு வராது. பக்கத்து வீடு எவ்வளவு தூரமானாலும் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

அதோடு முதன்மை வால்வு எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். நான் காட்டவில்லை. முதல் குளிர்காலத்தில் நான் ஊருக்குள் இருந்தபோது சமையலறைக் குழாய் வெடித்தது. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி வந்து என் மனைவி போன் செய்தாள். வால்வு செடிக்குப் பின்னால், கல்லுக்கு அடியில் என்று நான் விவரித்து முடிப்பதற்குள் தொட்டி காலி. இப்போது அந்தக் கல்லுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறோம்.